போர்வை கொடுக்காதவள்

புருஷனை உயிரோடு ஐஸில் வைத்தவள் என்று நாங்கள் குடியிருக்கும் காஜா பெராங்கில் என்னைக் காட்டிச் சொல்வார்கள். கடைக்குப் போனால் சில பெண்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். நான் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். தனம் என்ற என் பெயர் தெரியாதவர்களுக்கும் 'அந்த ஐஸ்காரி' என்றால் தெரியும். அவர்கள் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை, வைத்தேன்தான். ஆனால் என்ன நடந்தது என்று ஒருத்தியும் என்னிடம் வந்து கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன். நாளைக்கு இன்னொருத்தியின் புருஷனுக்கு மண்டையில் அடிபட்டு, டாக்டர் அவனையும் குளிர வைக்க வேண்டும் என்று சொன்னால், தனக்கு என்ன காத்திருக்கிறது என்று அவளுக்காவது தெரிந்திருக்கட்டும்.

என் கணவர் வேலு பஸ் கண்டக்டர். செமாபோக் வழியாகப் போகும் பஸ்ஸில் இருந்தார். டிக்கெட் கிழிக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் வாயடிப்பார். மலாய்க்காரரிடம் மலாய், சீனரிடம் உடைந்த சீனம், நம்மவர்களிடம் எல்லாக் கிண்டலும். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருவதில் அவருக்கு ஒரு பெருமை. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. பண்டார் ஹிலிர் பக்கம் பஸ் திரும்பும்போது, உள்ளே இருந்த யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிக்கத் தலையைப் பின்னால் திருப்பியிருக்கிறார். ஓரமாக நின்றிருந்த லாரியிலிருந்து மரச்சட்டங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. என்ன சொல்லிச் சிரித்தார் என்று அன்று பஸ்ஸில் இருந்தவர்களைக் கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் நினைவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காதிலிருந்து ரத்தம் வழிந்து தலையணையில் காய்ந்திருந்தது. குறட்டை விடுகிற மாதிரி மூச்சு. தூங்குகிறார், எழுந்துவிடுவார் என்று ஒரு நிமிடம் நம்பினேன். பிறகு சோதனைகள் ஆரம்பித்தன. டார்ச் விளக்கைக் கண்ணில் அடித்துப் பார்த்தார்கள். ஒரு கண்ணின் கருமணி சுருங்கியது, மற்றது விரிந்தபடியே நின்றது. எக்ஸ்ரே எடுத்தார்கள். விரல் நகத்தின் மேல் பென்சிலை வைத்து அழுத்தினார்கள். வலிக்கிறதா என்று பார்ப்பதற்காக வலிக்கச் செய்கிறார்கள். அவர் கையை இழுத்துக்கொண்டால் நல்லது, முனகினால் நல்லது, சும்மா கிடந்தால் கெட்டது. பெற்றவர்களும் கட்டியவளும் பார்க்க வேண்டிய காட்சி இல்லை அது. அவருக்குப் பெற்றவர்கள் இல்லை, நான் பார்த்தேன். அவர் சும்மா கிடந்தார்.

பெற்றவர்கள் இடத்தில் இருந்தது அவருடைய அண்ணன் வீராசாமி. ரோடு போடும் கூட்டத்துக்கு மண்டோர், மேஸ்திரி மாதிரி. தாய் தகப்பன் போன பிறகு தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் அவர் ஒரு முனையிலும் நான் மறுமுனையிலும் உட்கார்ந்திருந்தோம். நடுவில் அவர் மனைவி பச்சையம்மாள் விசும்பிக்கொண்டிருந்தாள். என் ஓரகத்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அழுகையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, அதுவும் கேட்க ஆள் இருந்தால்.

மண்டையோட்டில் துளை போட்டுத் தேங்கின ரத்தத்தை எடுத்தார்கள். பாதித் தலையை மழித்திருந்தார்கள். அதோடு சரியாகிவிடும் என்று நினைத்தோம். மறுநாள் காய்ச்சல் கொதித்தது, மூச்சு தாறுமாறானது, சரியாக இருந்த கண்ணும் மந்தமானது. அப்போதுதான் வெள்ளைக்கார டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். அவர் இந்த வேலையை உள்ளூர் டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்ப இருந்தவர். அவருடைய மலாய் எங்களுக்குப் பாதிதான் புரியும் என்பதால் லெட்சுமி மிஸியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். நர்ஸ்களை நாங்கள் மிஸி என்றுதான் சொல்வோம். இவள் காஜா பெராங் சிட்டி குடும்பத்துப் பெண்; பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து கலந்துவிட்ட தமிழர்களைத்தான் சிட்டி என்போம். நெற்றியில் விபூதி இருக்கும், வாயில் தமிழ் வராது. வீட்டிலும் வெளியிலும் அவர்களுக்கு மலாய்தான்.

அவர்கள் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். காலில் அடிபட்டு வீங்கினால் வீங்குவதற்கு இடம் இருக்கிறது. மூளைக்கு அது கிடையாது. அது மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. வீங்கினால் தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். உடம்பைக் குளிர வைத்துவிட்டால் மூளைக்குக் கொஞ்சம் ரத்தமும் கொஞ்சம் காற்றும் போதும், வீக்கமும் அடங்க வழியுண்டு. சும்மா நெற்றியில் ஈரத்துணி போடுகிற குளிர்ச்சி அல்ல. ஆரோக்கியமான மனிதனின் சூட்டுக்கும் கீழே, நன்றாகக் கீழே இறக்கிச் சில நாட்கள் அப்படியே வைத்திருக்க வேண்டும். பிறகு மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டுச் சூடாக்கினால் வீக்கம் பழையபடி திரும்பும். பிழைப்பான் என்று நான் சொல்லவில்லை, இப்படியே விட்டால் பிழைக்க மாட்டான் என்றுதான் சொல்கிறேன் என்றார் டாக்டர். அந்த வெளிப்படையான பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. சரி என்றேன். மாமாவும் தலையாட்டினார். காய்ச்சலுக்கு நெற்றியில் ஐஸ் பை வைக்கப் போகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

துணியெல்லாம் கழற்றினார்கள். மெல்லிய துப்பட்டியை ஐஸ் தண்ணீரில் நனைத்து உடம்பின் மேல் விரித்தார்கள். இரண்டு பக்கமும் மின்விசிறி. அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் நிரப்பின ரப்பர் பைகள். மீன் பசாருக்குப் போகிற மாதிரியே பெரிய பாளங்கள் மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்து இறங்கும். பின் வராந்தாவில் ஒரு மலாய்க்கார அட்டெண்டர் அவற்றைச் சாக்கில் போட்டுக் கட்டையால் அடித்து நொறுக்குவார். அந்தச் சத்தம் வார்டு முழுக்கக் கேட்கும். குளிர வைத்தால் உடம்பு சும்மா இருக்காது, நடுங்கித் தன்னைச் சூடாக்கிக்கொள்ளப் பார்க்கும். அந்த நடுக்கம்தான் பகை. அதை அடக்க ஊசி போட்டார்கள். அதே ஊசி ஆளையும் மயக்கத்திலேயே வைத்திருந்தது.

துப்பட்டி மாற்றவும் பைகளை நிரப்பவும் அவர்களிடம் ஆள் போதவில்லை. பகலில் அந்த வேலையை மிஸி எனக்குக் கற்றுக்கொடுத்தாள். நனைப்பேன், பிழிவேன், விரிப்பேன். விசிறிக் காற்றில் அது காய ஆரம்பிக்கும் முன் மறுபடி நனைப்பேன். விரல்கள் விறைத்துப் போய்ச் சோற்றைப் பிசைய முடியாது. அவர் உதடு நீலமாகிவிட்டது. தோல் வெளுத்து, தொட்டால் பசாரில் அடுக்கி வைத்த மீனைத் தொடுகிற மாதிரி இருந்தது. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்கக் குனிந்து காத்திருக்க வேண்டும். நான் கட்டிக்கொண்ட மனிதரை என் கையாலேயே பிணமாக்கிக்கொண்டிருந்தேன். அதைச் சரியாகச் செய்கிறேன் என்று மிஸி பாராட்டவும் செய்தாள்.

பார்க்க வந்தவர்களின் அன்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்பெல்லாம் சூடாகவே வந்தது. பிளாஸ்கில் சூடான மைலோ, சூடான மிளகு ரசம், ரப்பர் பையில் வெந்நீர், கழுத்துக்குக் கம்பளித் துணி, பாட்டில் பாட்டிலாகக் காயு புத்தே தைலம். நம் ஊர் யூகலிப்டஸ் தைலத்துக்கு மலாயாவில் சித்தப்பா முறை அது; காய்ச்சலிலிருந்து வயிற்று உப்புசம் வரைக்கும் அதைத்தான் தேய்ப்போம். நான் எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவேன். என்ன நெஞ்சழுத்தம் இவளுக்கு என்று வாசலிலேயே பேசிக்கொண்டு போவார்கள். என் காதில் விழட்டும் என்றுதான் பேசினார்கள்.

வந்தவர்களில் ஒருவர் மாணிக்கம். செமாபோக்கில் இருந்தார். எங்கள் மக்களில் யாராவது சாகக் கிடந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வந்து காலின் பெருவிரலைப் பிடித்துப் பார்ப்பார். உயிர் காலிலிருந்துதான் கிளம்பும், கால் சில்லிட்டால் முடிந்தது என்பது அவர் கணக்கு. அவர் கையை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால் பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிடுவார்கள். அதுவரை ஒரு முறையும் தப்பியதில்லையாம். நான் ஐஸ் வாங்கப் பின் வராந்தாவுக்குப் போயிருந்த நேரத்தில் அவர் வார்டுக்குள் வந்திருக்கிறார். துப்பட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெருவிரலைத் தொட்டிருக்கிறார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல், மரியாதையாக வெளியே நடந்து நேராகக் காஜா பெராங்குக்குப் போய்விட்டார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. மறுநாள் குளித்து மாற்றுப் புடவை எடுத்துவரலாம் என்று வீட்டுக்குப் போனேன். தெருமுனையிலேயே பறைச் சத்தம். யார் வீட்டுச் சாவோ என்று நினைத்தபடிதான் நடந்தேன். என் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. மூங்கில் வந்து இறங்கிக் கிடந்தது. என் கணவரின் கூட்டாளிகளான பஸ்காரர்கள் சட்டைப் பையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு நின்றார்கள். என் கூடப்பிறந்த அண்ணன், என்னைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையில் கோடிப் புடவை வைத்திருந்தான். தாலி அறுக்கிறவளுக்குப் பிறந்த வீட்டார் போடுகிற புடவை அது. கடையில் மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது.

பச்சையம்மாள் என்னைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொண்டு, வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவில் இழுத்து உட்கார வைத்தாள். ஒப்பாரி உச்சத்துக்குப் போனது. டிக்கெட் கொடுத்த கை, பட்டணமெல்லாம் சுற்றின கால் என்று அவர் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் சாகவில்லை என்றேன். இன்னும் சத்தமாக அழுதார்கள். காலையில்கூட நான் அவர் மூச்சைப் பார்த்தேன் என்றேன். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். நான் எழப் பார்த்தால் தோளைப் பிடித்து அமுக்கினார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் என் மேல் ஒரே நேரத்தில் பிரியம் காட்டியது அன்றுதான். கடைசியில் திமிறி எழுந்து, மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

மாமா தம்பியின் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். நெஞ்சு துடிப்பது அவருக்குத் தெரிந்தது. சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் பயம்தான் வந்தது.

"உசிரு இருக்கிறவனையா இப்படி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "ஒடம்பு சில்லுனு ஆயிட்டா உசிரு எத்தன நாளைக்கு அங்க தங்கும், தனம்?"

டாக்டர் சொன்னதை மறுபடி சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பும்படியாக இல்லை. பந்தலைப் பிரித்தார்கள். பிரித்தவர்கள் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றமும் தெரிந்தது, பொய் சொல்வானேன். மாணிக்கத்துக்கு ஒரு கெட்ட பெயரும் வரவில்லை. நான் தொட்டபோது போயிருந்தான், பிறகு திரும்பியிருப்பான் என்று சொல்லிவிட்டார். அந்தக் கோடிப் புடவையை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஊசியின் அளவைக் குறைத்துப் பார்த்தார் டாக்டர், நினைவு திரும்புகிறதா என்று தெரிந்துகொள்ள. பிற்பகலில் நான் துப்பட்டியைப் பிழிந்துகொண்டிருந்தேன். முனகல் கேட்டது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தது. உதடு அசைந்தது.

"தனம்... குளிருது."

அடிபட்ட பிறகு அவர் பேசிய முதல் பேச்சு. என் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மிஸியைக் கூப்பிட ஓடினேன், அவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டாக்டருக்கு அவ்வளவு திருப்தி. நல்ல அறிகுறி, ஆனால் வீக்கம் முழுதாக அடங்கவில்லை, இப்போது சூடாக்கினால் இதுவரை செய்ததெல்லாம் வீண் என்றார். மறுபடி ஊசி போட்டார்கள். ஆனால் இந்த முறை முழு மயக்கம் வராதபடி கொஞ்சமாகத்தான். மிஸி என் கையைப் பிடித்து, "ஜாஙான் காசி செலிமுட்" என்றாள். போர்வை கொடுத்துவிடாதே என்று அர்த்தம். நான் கொடுத்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று பொழுது சாயும் வரை அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். குளிருது, தனம். போத்தி விடு, தனம். பல் கிட்டித்துக்கொண்டு வார்த்தை பாதிப் பாதியாக வரும். கண் என்னை விட்டு நகராது. நான் துப்பட்டியை நனைத்துக் கொண்டுபோனால் கைகளை மேலே கொண்டுவந்து தடுக்கப் பார்ப்பார். கைக்குத் தெம்பு இருக்காது. நான் விரிப்பேன். சுகமாக இருக்கிற எந்தப் பெண்ணும் இதைச் செய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அவர் கண்ணைப் பார்க்காமல் துணியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன். கொஞ்ச நாள்தான், கொஞ்ச நாள்தான் என்று அவருக்கும் சொன்னேன், எனக்கும் சொன்னேன். அவருக்கு அது காதில் ஏறவில்லை.

மாமா வந்தபோது என் கணவர் அப்படித்தான் கெஞ்சிக்கொண்டிருந்தார். மாமா தன் தோளில் கிடந்த கனத்த துண்டை எடுத்து விரித்துத் தம்பியின் மேல் போர்த்தினார். கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டார். என் கணவரின் முகம் தளர்ந்தது. குழந்தை மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். நான் அந்தத் துண்டைப் பிடித்து இழுத்தேன். அவர் இடது கையால் ஒரு முனையைப் பற்றிக்கொண்டார். விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நான் பிரித்தேன். எடுத்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீயெல்லாம் பொம்பளயா?" என்றார் மாமா, மெதுவாக.

இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள், பிறகு நானே போர்த்துகிறேன் என்று சொன்னேன். அவர் வெளியே போய் வராந்தாத் தூணில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மதியம் நான் துப்பட்டிகளை அலசக் குழாயடிக்குப் போயிருந்தேன். மிஸிக்கு அடுத்த வார்டில் வேலை. திரும்பி வந்து பார்த்தால் மின்விசிறிகள் நின்றிருந்தன. ஐஸ் பைகள் தரையில் கிடந்தன. தைலமும் சுக்கும் கலந்த வாடை தூக்கியடித்தது. பச்சையம்மாள் பாதத்தைச் சுக்குப் பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமா உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சில்லிட்ட உடம்பைத் திருப்ப நம்மவர்கள் காலம் காலமாகச் செய்வதுதான். என் கணவரைக் கழுத்தோடு கம்பளியில் சுற்றி, இரண்டு பக்கமும் வெந்நீர்ப் பை வைத்திருந்தார்கள். நெடுநேரமாக வேலை நடந்திருக்கிறது.

"பாரு, ரத்தம் ஓடுது," என்றார் மாமா. அவர் கன்னமெல்லாம் கண்ணீர். "நம்ம வேலு மாதிரி இருக்கான் பாரு."

உண்மைதான். உதடு சிவந்திருந்தது, முகத்தில் களை இருந்தது. அண்ணன் கையில் கையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கண் மூடியிருந்தார். ஒரு நொடி நானும் மகிழ்ந்தேன். பிறகு ஓடிப் போய்க் கம்பளியை உருவினேன். நான் மிஸியைக் கூப்பிடுவதற்குள் அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்தது, உடம்பு வில்லாக வளைந்து உதற ஆரம்பித்தது. வலிப்பு. கட்டில் இடம் பெயர்கிற அளவுக்கு உதறியது. பச்சையம்மாளின் உள்ளங்கையில் சுக்குப் பொடி அப்படியே இருந்தது. அன்று அவள் அழவில்லை.

டாக்டர் வந்தார், மறுபடி ஊசி, மறுபடி ஐஸ், மறுபடி முதலிலிருந்து எல்லாம். பென்சிலை வைத்து அழுத்தினபோது இடது கை விலகியது. வலது கை விலகவில்லை. அதன் பிறகு எப்போதும் விலகவில்லை. இது சூடாக்கியதால் வந்ததா என்று கேட்டேன். டாக்டர் யோசித்துவிட்டு, சூடாக்காமலே வந்திருக்கவும் கூடும், என்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அது நல்லது செய்யவில்லை என்றார். அதையே மாமாவுக்கும் சொல்லும்படி மிஸியிடம் சொன்னார். மிஸி மலாயில் சொன்னாள், கோபப்படாமல் சொன்னாள். மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை வெளியில் சொல்ல வேண்டாம் என்று மிஸியிடம் நான்தான் கேட்டுக்கொண்டேன். தம்பிக்காக உயிரை விடக்கூடிய மனிதர் அவர். அவரைத் தெருவில் நிறுத்தி எனக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று நினைத்தேன்.

எனக்கு என்ன கிடைக்காமல் போகும் என்று நினைக்கவில்லை.

பிறகு மெல்ல மெல்லச் சூட்டை ஏற்றினார்கள். பைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள், விசிறியை நிறுத்தினார்கள், கடைசியில் காய்ந்த துப்பட்டியை நான் விரித்தேன். அவர் பிழைத்தார். வார்டில் இருந்த மற்ற நோயாளிகள்கூட வந்து பார்த்தார்கள். டாக்டர் கப்பலேறும் முன் வந்து விடைபெற்றுப் போனார். இந்த நாட்கள் எதுவும் இவனுக்கு நினைவிருக்காது, இப்படி அடிபட்டவர்களுக்கு இருப்பதில்லை, நீ கவலைப்படாதே என்று சொன்னார். நல்ல மனிதர். அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

என் கணவருக்கு லாரி நினைவில்லை. பஸ் ஓட்டமும் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. எங்கள் கல்யாணப் போட்டோவைக் காட்டினால் யாரோ வீட்டுக் கல்யாணத்தைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். வாய் ஓயாத மனிதர் இப்போது வார்த்தைகளைத் தேடித் தேடி எடுக்கிறார். பாதி நாள் கிடைக்காமல் விட்டுவிடுகிறார். ஆனால் ஒன்று மட்டும் அழியாமல் தங்கிவிட்டது. ஈரத்துணியோடு நான் நெருங்கினால் உடம்பைச் சுருக்கிக்கொள்கிறார். முகம் துடைக்க வந்தாலும் அதேதான். அண்ணன் கையால்தான் குளியல், வெந்நீர்தான். அண்ணன் உள்ளங்கையைத் தேய்த்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்கிறார்.

காஜா பெராங்குக்கும் அந்தக் கதைதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. பெண்டாட்டி ஐஸில் வைத்துக் கொல்லப் பார்த்தாள், அண்ணன் சுக்குத் தேய்த்து மீட்டார். பச்சையம்மாள் பரப்பினாள். மாமா பரப்பவில்லை, மறுக்கவும் இல்லை. யாராவது அவரைப் பாராட்டினால் தலையைக் குனிந்துகொள்கிறார், அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒருநாள் என் கணவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வீக்கம், பெட்டி, ஐஸ், டாக்டர் சொன்னது எல்லாம். மாமா செய்ததை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் அவர் அண்ணனையும் இழந்துவிடுவார். பயப்படாமல் பார்க்க ஒரு முகம்கூட இந்த உலகத்தில் அவருக்கு இருக்காது. அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, வார்த்தையைத் தேடி, "நீ புடுங்கின," என்றார்.

புடுங்கினேன்தான். இல்லை என்று எப்படிச் சொல்வது?

மாமா தினமும் வேலை முடிந்து வந்து தம்பியோடு உட்கார்ந்துவிட்டு, விளக்கு வைத்த பிறகு தன் வீட்டுக்குப் போவார். போன மாதம் ஒரு மாலை அப்படி எழுந்தபோது, என் கணவர் இடது கையால் அவர் சட்டையைப் பற்றிக்கொண்டார். நான் சோற்றுத் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வெகுநேரம் முயன்று, அடிபட்ட நாளிலிருந்து பேசியதிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

"அண்ணே, இவகிட்ட என்னை விட்டுட்டுப் போகாத."

மாமா என்னைப் பார்த்தார். எங்கள் மூன்று பேரில் உண்மை தெரிந்த இன்னொருவர் அவர்தான். சொல்வார் என்று காத்திருந்தேன்; தட்டு கையில் கனத்தது. அவர் தம்பியின் விரல்களைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். பிறகு மறுபடி பாயில் உட்கார்ந்து, தம்பியின் கையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து மாமா அவர் பக்கத்தில்தான் படுக்கிறார். நான் சமையல்கட்டில் படுக்கிறேன்.